இரும்பு உரசாத வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திருத்தங்கலில் என் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும். அப்படிப்பட்டவன் ஹவில்தார் சங்கிலிமுத்து அண்ணனின் மிலிட்டரி லாரியோடு நான்கு மாதம் முகம் சுளிக்காமல் மல்லுக்கட்டினேன் என்றால், அது அவர் மனைவி பொன்னுத்தங்கம் அக்காவுக்காகத்தான்.

பட்டாளத்தில் இருபது வருஷம் அண்ணன் ஓட்டியது இதே மாதிரி லாரி. லீவில் வரும்போதெல்லாம் அக்காவிடம், "ஒருநா உன்னையப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டுவேன்" என்பாராம். ரிட்டயர் ஆனதும் ஏலத்தில் ஒன்றை எடுத்து ஆமத்தூருக்குக் கொண்டுவந்தார். அக்கா ஆசையாக ஏறி உட்கார்ந்தார். வண்டி பத்தடி நகர்ந்ததும் கதவு கிரீச்சிட்டது. அக்கா குதித்துவிட்டார்.

அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையின் மருந்து அறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அவர். ஒரு பொறி பறந்தால் போச்சு என்பதால் அங்கே இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. அந்தச் சத்தம் கேட்டால் நின்று யோசிக்கக் கூடாது, வெளியே ஓட வேண்டும். மனசு மறந்தாலும் கால் மறக்கவில்லை. அண்ணன் மூன்று முறை ஏற்றினார், மூன்று முறையும் அக்கா குதித்தார். கடைசியில் முட்டி சிராய்ந்ததுதான் மிச்சம்.

"பாய், இந்த வண்டில எங்கனயும் இரும்பு இரும்பத் தொடக் கூடாது" என்று சொல்லி அண்ணன் சாவியைக் கொடுத்தார்.

கதவைச் சுற்றி வெடித்துக் கிடந்த ரப்பர் பீடிங்கைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டினேன். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் கம்பளித் துணி வைத்தேன். மட்கார்டு பாடியோடு சேரும் இடமெல்லாம் போல்ட்டைத் தளர்த்தி, கேன்வாஸ் பட்டை கொடுத்து முறுக்கினேன். பானெட் உட்காரும் விளிம்புக்கு மட்டும் கனமான பட்டை கிடைக்கவில்லை. அச்சகங்களுக்கு நடுவே குடியிருந்துகொண்டு அதற்கு மதுரைக்கா அலைவது? தகட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் ஒற்றுவதற்கு ஆப்செட் மெஷினில் ஒரு பிளாங்கெட் உண்டு. துணியும் ரப்பரும் அடுக்கடுக்காக இருக்கும். தேய்ந்ததும் கழற்றிப் போடுவார்கள். பக்கத்து அச்சகத்தில் ஒன்று வாங்கி, ஓர் அங்குல அகலத்துக்கு வெட்டி ஒட்டி, பானெட்டை மூடி வெயிலில் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். அண்ணன் பானெட்டைத் தூக்கினார். அவர் முகம் மாறியது.

புதுப் பச்சைப் பெயிண்டில், பானெட்டின் உள்விளிம்பு நெடுகச் சிவப்பு எழுத்து. 'பெரியவர்கள் உடனிருக்கக் கொளுத்தவும். பெரியவர்கள் உடனிருக்கக் கொளுத்தவும்.' மத்தாப்புப் பெட்டி லேபிள்! மெஷினிலிருந்து கழற்றிய கையோடு வாங்கிவந்தவன், மையைத் துடைக்காமலே ஒட்டியிருக்கிறேன். மூடியதும் அது தாளுக்குப் பதில் பானெட்டில் ஒற்றிவிட்டது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர எவனுக்கு இந்தக் கிறுக்குத்தனம் வரும்?

"என்ன பாய் இது? பட்டாள வண்டியா, மத்தாப்புப் பெட்டியா? எல்லாத்தையும் பிச்சு எடுங்க. பெயிண்ட் அடிச்சு அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்."

தப்பு என்னுடையது. அதனால் கோபம் எனக்குத்தான் கூடுதலாக வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சரியாத்தான போட்டிருக்கு? நீங்க பெரியவுகதான? கூட இருங்க, நான் ஏறுறேன்."

"சும்மா இரு தங்கம்."

"அடுத்த மாசம் எனக்குத் தைரியம் இருக்குமோ என்னமோ. இப்பவே எடுங்க."

அண்ணன் பானெட்டை மூடினார். அக்கா கதவு விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். ஏறியதும் வலது கை அண்ணனின் சட்டையைப் பிடித்தது, இடது கை கதவுப் பிடியைப் பற்றியது. குதிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ரயில்வே கேட் பக்கம் வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. என்ஜின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தம் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேபின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கதவுப் பிடியில் கை இல்லை. அது மடியில் மல்லாந்து கிடந்தது. அக்கா அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆமத்தூர் விலக்கு வந்தது. அண்ணன் திருப்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, கலங்கிய கண்ணோடு உதட்டில் விரலை வைத்தார்.

பட்டறையில் இரண்டு வண்டிக்காரர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். காலையில் நான் சாப்பிட்டிருக்கவும் இல்லை. விருதுநகர் வரைக்கும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.