குப்பம்மாள் கொடுத்த டப்பா

இழுப்பு வந்து மூச்சுக்குத் திணறிய அர்ச்சுனனை ஜவ்வாது மலையிலிருந்து ஆம்புலன்ஸில் இறக்கி, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் ஏறியதும் ஆள் கொஞ்சம் தெளிந்தான். மனைவி குப்பம்மாளுக்குப் போன உயிர் பாதிதான் திரும்பியது. அந்தப் பாதியையும் டாக்டர் ரேணுகாதேவி பறித்துக்கொண்டார்.

"மூக்குல எடுத்த சாம்பிள்ல என்டரோவைரஸ் இருக்குதும்மா. குடல்ல வளர்ற ஜாதி. சில பேருக்கு நெஞ்சுலயும் வந்து உக்காந்துக்கும். மலத்தையும் சோதிக்கணும். இந்த டப்பாவுல எடுத்துக் குடுங்க, வேலூருக்கு அனுப்பணும்."

"வேலூருக்கா?" குப்பம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெட்டின நகத்தையும் முடியையும்கூடப் பிறர் கண்ணில் படாமல் புதைத்துவிடுகிற குடும்பம் அவளுடையது. எவன் கையிலாவது சிக்கினால் செய்வினை வைத்துவிடுவான். புளியமரத் தகராறில் பங்காளிகள் வேறு கறுவிக்கொண்டிருந்தார்கள். நகத்துக்கே அந்தக் கதி என்றால், இதைப் பேர் எழுதி பஸ் ஏற்றி அனுப்புவதாம்! படித்தவர்களுக்குத் துணிச்சல் ஜாஸ்திதான்.

டப்பாவோடு கழிப்பறைக்குப் போனாள். புருஷன் பிழைத்தால் போதும், எது வந்தாலும் தனக்கே வரட்டும் என்று தன்னுடையதை எடுத்து, அர்ச்சுனன் பேர் ஒட்டிய டப்பாவை நர்ஸிடம் நீட்டினாள். அவனுக்காக உயிரையே கொடுத்துவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது. கொடுத்தது உயிரில்லை என்பது வேறு விஷயம்.

ரிசல்ட் வந்தது. "ரெண்டுலயும் அதே வைரஸ்தான்" என்றார் டாக்டர், திருப்தியாக.

குப்பம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. "மேடம், டப்பாவுல இருந்தது அவரோடது இல்லீங்க. என்னோடதுங்க." அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "உங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லையேம்மா! வெளிக்குப் போய்ட்டு வந்தா சோப்பு போட்டுக் கை கழுவுவீங்களா?"

"தண்ணியில அலசிக்குவேங்க."

"அந்தக் கையாலதானே களி உருட்டிப் போடுறீங்க? யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இப்படித்தான் பரவும்."

அர்ச்சுனன் மாஸ்க்கை விலக்கினான். "ஏம்மே, எவனோ செய்வினை வெப்பான்னு பயந்தியே! நீயே களியில வெச்சு உருட்டிக் குடுத்துக்கினு இருந்திருக்கியே!" சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"பேசாத, மூச்சு வாங்குது" என்று பதறி மாஸ்க்கை மாட்ட ஓடிவந்தாள். அவன் முகத்தருகே நீட்டிய கையை ஒரு தடவை பார்த்தாள். அப்படியே திரும்பி, சோப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.