அப்டேட் போடாத சித்தப்பா

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் அட்மின் பாஸ்வேர்டு, முதலாளியான சித்தப்பாவின் மண்டையில் மட்டும்தான் இருந்தது. அவரோ படியில் உருண்டு, ஆஸ்பத்திரியில் மயக்கமாகக் கிடந்தார். டாக்டர் கேட்ட அவருடைய பழைய ரத்த ரிப்போர்ட்டே, அட்மின் மட்டுமே திறக்கக்கூடிய எங்கள் சர்வரில் சிக்கிக்கொண்டது.

"ஓடுற வண்டியை ஏன் நோண்டுற?" என்று, அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என்னை அப்டேட்டே போடவிடமாட்டார். எத்தனை சண்டை! அதனால் சர்வர் மென்பொருளில் பழைய பாதுகாப்பு ஓட்டை ஒன்று அப்படியே இருந்தது. சாதாரண லாகின் உள்ள யாரும் அதன் வழியாக அட்மின் ஆகிவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு நான் ஏறினேன். ரிப்போர்ட் போனது, மனுஷன் பிழைத்தார்.

அவர் கண் விழித்ததும் நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தியா, உன் பேச்சைக் கேட்டிருந்தா செத்திருப்பேன்."

"ஓட்டையை உடனே அடைச்சிட்டேன் சித்தப்பா."

"ஏறின ஏணியை எட்டி உதைச்சிட்டியே, நன்றிகெட்டவளே!"

"கும்பிட்டுட்டுத்தான் உதைச்சேன்."