பதினாலாம் நம்பரில் ஆளில்லை

“நீ ஊர்லயே இல்லையாம் வெர்னா.”

“அப்படியா. எங்க போயிட்டேனாம்?”

“வடக்க. கோடை முடியற வரைக்கும் வரமாட்டியாம். ஆபீஸ்ல சொல்றாங்க.”

“போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றாள் வெர்னா. “இங்க வேகுது.”

போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. மறுமுனையில் எங்கள் குடியிருப்பின் மேனேஜர் டெரெக் பொறுமையாக, தேன் தடவினாற்போல, சொன்னதையே சொன்னான்.

“மிஸஸ் ருவெலாஸ், பதினாலாம் நம்பர் காலியா இருக்குன்னு சிஸ்டம் காட்டுது. காலி வீட்டுக்கு ஏசி ஓடாது.”

“தம்பி, அந்தக் காலி வீட்டுலேருந்துதான் நான் பேசறேன். வீட்டுக்காரி என் எதிர்ல உக்காந்து பேஸ்கட்பால் பாத்துக்கிட்டிருக்கா. எட்டுப் பாயின்ட்ல தோக்கறாங்க, அந்தக் கோபத்துல இருக்கா. குடுக்கவா?”

“நேர்ல வாங்களேன், பேசிக்கலாம்.”

பாலைவன ஊரான எங்கள் டூசானில் ஜூன் பிறந்தால் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள். குளிருக்கு வந்து ஒண்டியவர்கள் வெயில் ஏறியதும் மினசோட்டாவுக்கும் மிச்சிகனுக்கும் பறந்துவிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் போக இடமில்லாதவர்கள், இல்லை போக மனமில்லாதவர்கள். நான் முதல் ரகம். வெர்னா மெனிகோட்ஸ் இரண்டாம் ரகம். நவஹோ பூர்வகுடிக்காரி, வடக்கே கயென்டா பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மகள் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது கூட வந்தாள். மகள் டென்வருக்கு மாறிப் போனாள். வெர்னா மாறவில்லை. “ஒரு தடவ சாமான் கட்டினது போதும்” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு இதயம் பலவீனம். சூடு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மெஸ்கீட் கோர்ட் என்ற எங்கள் குடியிருப்பை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பசுமைக் கட்டடமாக மாற்றினார்கள். கூரை முழுக்கச் சூரியத் தகடு. குளித்த தண்ணீர் வடிகட்டி முற்றத்து மரங்களுக்குப் போகும். அதெல்லாம் நல்ல வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். வெர்னாவுக்கு அந்த மரங்களைப் பார்த்தாலே முகம் மலரும். ஆனால் ஏசிக்கு இருந்த பழைய திருகு குமிழைக் கழற்றி எறிந்துவிட்டு, வாசலை ஒட்டிய நடையில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டினார்கள். பட்டன் கிடையாது. எப்போது குளிர வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும்.

ஆபீஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர். டெரெக் திரையை எங்கள் பக்கம் திருப்பினான்.

“ஒவ்வொரு கோடும் ஒரு வீட்டுத் தண்ணி. இது மிஸஸ் ருவெலாஸ்.”

என் கோடு வெட்கமில்லாமல் எழும்பி நின்றது.

“இது மிஸஸ் மெனிகோட்ஸ்.”

“எங்க?”

“அதான். தரையோட தரையா. ஒழுகற குழாய்லகூட இதைவிட அதிகமாப் போகும்.”

“நன்றி” என்றாள் வெர்னா.

“இல்ல மேடம், பாராட்டுக்குச் சொல்லல. இவ்வளவு தண்ணில ஒரு ஆள் வாழ முடியாது. அதனால சிஸ்டம் நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு எடுத்துக்குது.”

“நான் வாழறேனே.”

“எப்படி?”

“பாத்திரம் கழுவின தண்ணி கக்கூஸுக்கு. முகம் கழுவின தண்ணி துணி அலச. குளிக்க ஒரு பேசின். எங்க ஊர் வீட்டுல குழாய் கிடையாது. டிரக்குல பீப்பாய் ஏத்திக்கிட்டு மண் ரோட்டுல போய்ப் பிடிச்சுட்டு வருவோம். நடுவுல டயர் மாட்டிக்கிச்சுன்னா அன்னிக்கு ஆட்டுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. இப்பக் குழாய் இருக்குன்னா கை மாறிடுமா?”

“அந்தப் பெட்டி, ஆளு நடமாடறதைப் பாக்கும்னு நீதானே சொன்ன?” என்று நான் கேட்டேன்.

“பாக்கும். ஆனா சீலிங் ஃபேன் நிழலையெல்லாம் ஆளுன்னு எடுத்துக்கிச்சு. அதனால இப்பத் தண்ணியும் ஓடணும், அப்பத்தான் ஆளு.” அவனுக்கு அதில் ஒரே பெருமை. “பாரபட்சமே கிடையாது, தெரியுமா? கிறிஸ்துமஸ் விளக்கு பாக்க எல்லாரும் பஸ்ல போனீங்களே, ஒரு வீட்டுலயும் ஆளில்லன்னு ஹால், என் ஆபீஸ் எல்லாத்தையும் சேத்துத் தூங்க வெச்சிடுச்சு. நான் ஒருத்தன் உள்ள இருக்கறதெல்லாம் அதுக்குக் கணக்கு இல்ல. வீடுகளைத்தான் பாக்கும். கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“சரி. நீ இப்ப இவளைப் பாக்கறே இல்ல? இவ இருக்கான்னு நீயே அதுக்குச் சொல்லேன்.”

“அது என் கையில இல்ல மிஸஸ் ருவெலாஸ். கம்பெனிக்காரங்கதான் பண்ணணும். அக்டோபர்ல வராங்க.”

“இது ஜூலை.”

“தெரியும். அதுவரைக்கும் ஒண்ணு பண்ணலாம். காலைல எழுந்ததும் ஷவரைத் திறந்து விட்டுடுங்க. பத்து நிமிஷம். சிஸ்டம் முழிச்சிக்கும்.”

“குளிக்கறதுக்கா?” என்றாள் வெர்னா.

“குளிக்கணும்னு இல்ல.”

“சும்மா ஓடணுமா?”

“சும்மாதான்.”

வெர்னா எழுந்து நடந்துவிட்டாள். அவள் கோபப்பட்டால் கத்த மாட்டாள். எழுந்துவிடுவாள்.

முற்றத்து மெஸ்கீட் மரத்தடியில் அவளைப் பிடித்தேன்.

“இங்க பாருடி. திறந்து விடற தண்ணி வீணாவா போகப் போகுது? இந்த மரத்துக்குத்தானே வரும்? உனக்குத்தான் இதுமேல உசுராச்சே.”

“மரத்துக்கு வேணும்னா மரத்துக்கு ஊத்தறேன். நான் உசுரோட இருக்கேன்னு ஒரு பெட்டிக்கு நிரூபிக்க ஊத்த மாட்டேன்.”

“செத்துப் போவ.”

“போனா தண்ணி மிச்சம்.”

“சரி, என் வீட்டுக்கு வந்து படு.”

“எனக்கு வீடு இருக்கும்போது உன் சோஃபாவுல எதுக்குப் படுக்கணும்? நீ குறட்டை வேற விடுவ.”

எனக்கு அவள் மேலும் கோபம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலை அவள் பால்கனியில் நிற்கும் நேரம் பார்த்து நானே போய் ஷவரைத் திருகக் கை வைத்தேன். பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ் ஓட்டிய கை, இரும்பு மாதிரி.

“என் பேர்ல ஊத்தாத டெல்ஃபினா.”

விட்டுவிட்டேன். அதற்கு மறுநாள், வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில். மதியம் அவளுக்கு மக்காச்சோள மாவில் அவித்த டமாலே கொண்டு போனேன். தட்டினேன். டிவி சத்தம் மட்டும் வந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தபோது சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றி ஓரத்தில் ரத்தம். கழுவிய பாத்திரத் தண்ணீர் பேசினில் சிந்தாமல் இருந்தது. விழுகிற நேரத்திலும் அதைப் பத்திரமாக மேடையில் வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் நடையில் நின்று அந்த வெள்ளைப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினான். “இதுல எங்க ஆன் பண்றது?”

“அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்” என்றேன்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இந்தத் தடவை என் சோஃபாவில் படுத்தாள், பேசாமல். அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. டெரெக் சின்னத் தொட்டியில் ஒரு கள்ளிச் செடியோடு வந்தான்.

“நல்ல வேளை, பெருசா ஒண்ணும் ஆகல. தண்ணியைத் திறந்து விட்டிருக்கலாமே மேடம். நான்தான் சொன்னேனே.”

நான் டாக்ஸி கம்பெனியில் போன் எடுத்தவள். குடிகாரனிடமும் கத்தாமல் பேசிப் பழகியவள். அன்றைக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஸ்பானிஷில் திட்டியதால் அவனுக்குப் பாதி புரியவில்லை. மீதி பாதிக்கு முகம் சிவந்தான்.

“நீங்க டென்ஷன்ல இருக்கீங்க. வியாழக்கிழமை மறந்துடாதீங்க. பசுமைக் கட்டட விருது குடுக்க வராங்க. சுவத்துல பலகை மாட்டறோம். எல்லாரும் ஹாலுக்கு வந்துடணும். கேக் இருக்கு.”

அவன் போன பிறகு கள்ளிச் செடியை வெர்னா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்குக்கூட என்னைவிடத் தண்ணி அதிகம் வேணும்” என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

சாயங்காலம் நானும் வெர்னாவும் போனபோது துணி துவைக்கும் அறையில் எங்கள் குடியிருப்பு லாயிட் பென்ரோஸ் இருந்தான். பிஸ்பி செம்புச் சுரங்கத்தில் கிடந்து காதும் முழங்காலும் போனவன். அந்த அறையில் ஆள் அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடும். நாங்கள் பேசும்போது அவன் நடுநடுவே கையைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டே இருந்தான். ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி.

“மேல எழுதிப் போடலாம்” என்றான்.

“போட்டு? அக்டோபர்ல வருவாங்க” என்றேன்.

“பலகை மாட்டறப்ப நான் எழுந்து நாலு கேள்வி கேக்கறேன்.”

“நீ கேப்ப. பதில் உன் காதுல விழாது.”

“கிண்டலா. எங்க சுரங்கத்துல கேள்வி கேட்டதுக்கு ஒருத்தனும் மதிக்கல. எல்லாருமா வெளியில போய் நின்னப்பத்தான் மதிச்சான்.”

விளக்கு அணைந்தது. யாரும் கையை ஆட்டவில்லை. இருட்டில் வெர்னாவின் குரல் மெதுவாக வந்தது.

“ஆளில்லன்னுதானே சொல்றாங்க. ஆளில்லாமயே இருப்போம்.”

“புரியற மாதிரி சொல்லு” என்றேன்.

“ஒரு வீட்டுலயும் தண்ணி ஓடலன்னா? கிறிஸ்துமஸ்ல டெரெக் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்தானாமே.”

லாயிட் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்த சிரிப்பில் உடம்பு குலுங்கி விளக்கு மறுபடி எரிந்தது.

கோடைக்குப் போகாமல் தங்கிய வீடுகளுக்கெல்லாம் நான் போன் போட்டேன். புதன்கிழமை படுக்கிறதுக்கு முன்னால் பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் குழாயைத் தொடாதீர்கள், காலையில் எல்லாரும் நூலகத்துக்குப் போகிறோம். ஒரு சிலர் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நம்பர்க்காரி, “என் தலைமுடி என்ன ஆகறது?” என்றாள். “வெர்னா தலைல தையல் போட்டிருக்கு” என்றேன். “வாளி தேடறேன்” என்றாள். ஒரு வாளி எப்படிப் போதும் என்று கேட்டவர்களுக்கு, “அவளைக் கேளுங்க” என்று வெர்னாவிடம் கொடுத்தேன். அவள் சுருக்கமாகச் சொன்னாள். “முதல்ல குடி. அப்புறம் கழுவு. கடைசியா ஊத்து.”

வியாழக்கிழமை காலை முதியோர் பஸ் வந்தது. வெர்னா ஓட்டுநருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் “பிரேக்கு, பிரேக்கு” என்று அவன் உயிரை எடுத்தாள். நூலகத்தில் குளுகுளுவென்று இருந்தது. ஆளுக்கு ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

விழா நேரம் நெருங்கும்போது என் போன் அதிர்ந்தது. டெரெக் கிசுகிசுத்தான். நூலகம் என்பதால் நானும் கிசுகிசுத்தேன்.

“மிஸஸ் ருவெலாஸ், எல்லாரும் எங்க போயிட்டீங்க?”

“வடக்க.”

“விளையாடாதீங்க. விருந்தாளிங்க வந்தாச்சு. ஹால் அடுப்பு மாதிரி இருக்கு. லைட்டும் எரியல. கேக்ல கிரீம் வழியுது.”

“குழாயைத் திறந்து விடு தம்பி. பத்து நிமிஷம். சும்மாதான்.”

“உங்க வீடுகளுக்குள்ள நான் எப்படிப் போறது?”

“அப்ப அக்டோபர் வரைக்கும் பொறுத்துக்கோ.”

பின்னால் ஒரு பெண் குரல், வேறு எங்கேயாவது வைத்துக்கொள்ளலாமே என்று அவனைக் கேட்டது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

“உங்களுக்கு என்னதான் வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். பதினாலாம் நம்பர்ல ஆள் இருக்குன்னு அதுக்குச் சொல்லு. தண்ணி ஓடினாலும் ஓடாட்டியும்.”

“இருங்க.”

ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு கண்ணாடியில் விரல் தட்டுகிற மாதிரி, டொக் டொக்கென்று மெல்லிய சத்தம்.

“ஆச்சு.”

“என்ன ஆச்சு?”

“மாத்திட்டேன். இனிமே அந்த வீட்டுல எப்பவும் ஆள் இருக்குன்னுதான் காட்டும்.”

“எங்கேருந்து மாத்தின?”

“விருந்தாளிங்க காத்துக்கிட்டிருக்காங்க” என்றான்.

“எங்கேருந்துடா மாத்தின?”

“போன்லேருந்து.”

“உன் போன்லயா?”

“விருதுக்கு முன்னாடி கையால மாத்தினா மார்க் குறைப்பாங்க. அதனாலதான்…” என்று நிறுத்தினான்.

சமையலறைத் தரை கண்ணில் நின்றது. அந்த நெற்றி, சிந்தாத பேசின், பெட்டியைத் தட்டிப் பார்த்த ஆம்புலன்ஸ் பையன். அத்தனை நாளும் அது இவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. கள்ளிச் செடியோடு வந்தானே, அப்போதும் இருந்திருக்கிறது.

நூலகம் என்றும் பார்க்காமல் வெர்னாவிடம் உரக்கவே சொன்னேன். எல்லாரும் பேப்பரை இறக்கினார்கள். வெர்னா கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“மிஸஸ் மெனிகோட்ஸ்” என்றான் டெரெக். எனக்கும் கேட்டது. “வீட்டுக்குத் திரும்பி வந்ததுல சந்தோஷம்.”

“நான் எங்கயும் போகல” என்றாள் வெர்னா.

போனை என் மடியில் வைத்துவிட்டு விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். லாயிட் காதை எங்கள் பக்கம் திருப்பி, “முடிஞ்சுதா? பஸ்ஸை இப்பவே வரச் சொல்லிடலாமா? கேக்காவது கிடைக்கும்” என்றான்.

“பஸ் ரெண்டு மணிக்கு” என்றாள் வெர்னா, தலை நிமிராமல். “அதுவரைக்கும் அங்க வேகட்டும்.”