கறுப்பி சேர்த்துக்கொண்ட பிள்ளை

விடியற்காலையில் எங்கள் புள்ளி ஆடு ஒரு குட்டியை ஈன்றுவிட்டுச் செத்துப்போனது. குட்டியோ புட்டிப்பாலைத் துப்பிவிட்டுத் துவண்டு கிடந்தது. மதியத்துக்குள் வயிற்றில் சீம்பால் இறங்காவிட்டால் அதுவும் போய்விடும்.

நல்லவேளை என்று சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பத்து மணிக்கு எங்கள் இன்னொரு ஆடு கறுப்பி ஈன்றது; அதன் குட்டிக்குப் பிறக்கும்போதே உயிரில்லை. இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. பனிக்குட நீரைத் துண்டில் ஒற்றியெடுத்து, தாயில்லாத குட்டியின் மேல் தேய்த்துவிட்டால், அந்த வாசனைக்குத் தன் குட்டிதான் என்று ஆடு சேர்த்துக்கொள்ளும். துண்டை நன்றாக நனைத்துப் பட்டியின் கதவில் போட்டுவிட்டு, குட்டியைத் தூக்கிவர அடுப்படிக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் என் வீட்டுக்காரர் நிற்கிறார். புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, அதே துண்டால் முகம், கழுத்து, வழுக்கை மண்டை எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அய்யய்யோ! உங்களுக்கு வேற துண்டே கெடைக்கலையா?"

"ஏண்டி கத்துற? ஆமா, என்ன இது, இப்படிப் பிசுபிசுங்குது?"

அவர் குனிந்ததுதான் தாமதம், கறுப்பி பாய்ந்து வந்து அவர் மண்டையை நக்க ஆரம்பித்தது. தொண்டைக்குள்ளேயே ஒரு கொஞ்சல் வேறு. துண்டில் மிச்சமிருந்த ஈரத்தைக் குட்டிமேல் தேய்த்துப் பக்கத்தில் விட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஓர் உதை விட்டது, பாவி! மறுபடியும் அவரிடமே ஓடியது.

மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்த நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, கறுப்பிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு! மீசையோட!"

"பல்லக் காட்டாதடி, குட்டி செத்துரும்!" என்று எரிந்து விழுந்தேன். பிறகு அவரிடம் திரும்பினேன். "நீங்க உக்காருங்க."

"எங்க?"

"உங்க அம்மா முன்னாடிதான். புள்ளையா லட்சணமா உக்காருங்க."

வைக்கோலில் உட்கார்ந்தார். குட்டியின் முதுகில் அவர் தலையைத் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தார். கறுப்பி அவர் மண்டையிலேயே மயங்கி நிற்க, நான் குட்டியின் வாயைக் காம்பில் வைத்தேன். நழுவியது. மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை கவ்விக்கொண்டது. சப்பும் சத்தம் கேட்டது, வால் படபடவென்று ஆடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"குடிக்குதுங்க! அசையாதீங்க!"

"காதுக்குள்ள நாக்க விடுறாடி! கூசுது!" என்று அவர் கீச்சிட்டார். நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குட்டியின் வயிறு புடைத்தது. கறுப்பி அவரை முகர்ந்தது, குட்டியை முகர்ந்தது, கொஞ்சம் யோசித்தது. பிறகு குட்டியின் முதுகை நக்கத் தொடங்கியது. அப்பாடா! இவர் சும்மா இருக்கக் கூடாதா? பழக்கதோஷத்தில் மறுபடியும் தலையை நீட்டினார். கறுப்பி கொம்பால் ஒரே முட்டு. மனிதர் வைக்கோலில் மல்லாந்துவிட்டார்.

"பாத்தியாடி? அதுக்குள்ள என்னத் தள்ளி விட்டுட்டா."

முகத்தில் நிஜமாகவே வருத்தம். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் தலையைத் துடைத்துவிட்டேன்.

"தம்பி பொறந்தாச்சுங்க. பெரிய புள்ளதான் விட்டுக்குடுக்கணும்."