குடிக்கிறவர்கள் மட்டும் உள்ளே

ஃபோன் எண்ணைக் கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மருந்துக்கடைச் சுவரில், காணாமல்போன பூனைக்கும் வாடகை அறைக்கும் நடுவே ஒட்டியிருந்தார்கள்: குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை கூடும் இடம், பக்கத்துத் தெரு, மூன்றாவது மாடி. இரண்டு வருடமாக அப்பாவின் வயிற்று மாத்திரைக்கு அவள் அந்தக் கடைக்குத்தான் போய்வருகிறாள். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

காரணம் இருந்தது. காலையில் அப்பாவோடு லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒல்லி மெக்கானிக் அவளைப் படியில் நிறுத்தி, "பாப்பா, லிஃப்டு கூரை மேல ஏறி நிக்கிறப்ப உங்கப்பாவுக்குக் கை வெடவெடன்னு ஆடுது. நேத்து விழப்போனவர நான்தான் சட்டையப் புடிச்சு இழுத்தேன். திங்கக்கிழமைலேர்ந்து நான் லீவு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பள்ளிக்கூடத்துப் பின்படியில் உட்கார்ந்து கூப்பிட்டாள். ஒரு ஆண்குரல் எடுத்தது.

"யாரும்மா குடிக்கிறது?"

"எங்கப்பா."

"அப்ப அவரப் பேசச் சொல்லு. குடிக்கிறவங்க தன் வாயால கூப்பிட்டாத்தான் நாங்க வருவோம். அடுத்தவங்க இழுத்துட்டு வந்த ஆளு ஒருத்தரும் நெலைக்கல."

அப்பாவைப் பேசச் சொல்வதாவது! அதைவிட ஓடுகிற லிஃப்டை வெறுங்கையால் நிறுத்திவிடலாம்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். நல்லவேளையாக இந்தத் தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"நான்தான் குடிக்கிறேன்" என்றாள் இவள், தொண்டையைக் கட்டைக்குரலாக்கி.

"என்ன குடிப்பே?"

"கெடச்சது."

"காலையில கை நடுங்குதா?"

பதில் சொல்ல வாய் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. "நடுங்குது. எந்நேரமும் பயமா இருக்கு." அது மட்டும் பொய்யில்லை.

"அழாத. சனிக்கிழமை நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம். மொத தடவை யாரையும் தனியா வரவிட மாட்டோம்."

முகவரியைச் சொன்னாள். அவர்கள் வருவார்கள், அப்பாவைப் பார்ப்பார்கள், பேசிக் கீசிக் கரைப்பார்கள் என்பது அவள் போட்ட கணக்கு. வந்தவர்கள் தன்னைக் கேட்பார்கள் என்பது அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை அம்மா சலவை ஆலையில் ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தது அப்பா. வெளியே சீருடையோடு பஸ் ஓட்டும் பெண் ஒருத்தி, கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரம்மா ஒருத்தி.

"உங்க பொண்ணு இருக்காளா?"

"எதுக்கு?"

"அவகிட்டத்தாங்க சொல்லணும்."

"நான் அவ அப்பன். எங்கிட்ட சொல்லுங்க."

பஸ்காரி முழங்கையால் இடிப்பதற்குள் தையல்காரம்மா கொட்டிவிட்டாள். "குடிய விடணும்னு அவளே ஃபோன் பண்ணாளுங்க. இந்த வயசுல எனக்கு அந்தத் துணிச்சல் வரல."

"குடியா? எங்க சுண்டெலியா?"

அப்பா உள்ளே போய் அலமாரிக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதான் கொறஞ்சுக்கிட்டே வருதா! நானே குடிச்சிட்டு மறந்துட்டேன்னுல நெனச்சேன்."

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றியது, அறை மூலையில் நின்றிருந்த அவள்தான். இப்போது எப்படிச் சொல்வது?

அடிப்பார் என்று சுவரோரம் ஒதுங்கினாள். அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "யாரு பழக்கினா? அந்த ஒல்லிப்பயலா?"

"இல்லப்பா."

"பின்ன எங்க பாத்து..." கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டார். சட்டையை மாட்டிப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு, "நட. நானும் வர்றேன்" என்றார்.

வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்த நடுக்கம் அவள் தோள்வரை ஏறியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. "கதவுல தூசி அடைச்சிருக்கு. தொடைச்சா ஓடும், சோம்பேறிப் பயலுக" என்று முனகிக்கொண்டே படியேறினார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார்.

மேலே, கதவருகில் ஒரு முடிதிருத்துபவர் நின்றிருந்தார். "குடிக்கிறவங்க மட்டும் உள்ள. கூட வந்தவங்க வெளிய இருங்க. பெஞ்சுல உக்காராதீங்க, பெயின்ட் காயல."

அப்பா அவளை மெதுவாக முன்னால் தள்ளினார். "போ. நான் இங்கயே நிக்கிறேன். சார், சின்னப் பொண்ணு, பாத்துக்குங்க."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் குடிக்கலப்பா."

"கூச்சமாத்தான் இருக்கும். போ."

"சத்தியமா குடிக்கல. பாட்டில்ல இருந்தத நான்தான் தொட்டியில ஊத்தினேன். நீ ஃபோன் பண்ண மாட்டேன்னுதான் நான் பண்ணேன். திங்கக்கிழமை அந்த ஒல்லி அண்ணன் லீவு. உன்னப் புடிக்க ஆளில்ல. விழுந்துருவப்பா."

"அடிப்பாவி" என்றாள் பஸ்காரி, திட்டாமல்.

அப்பா படிகளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று மாடி. கத்துவதற்கு வாயைத் திறந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கத்தவும் தெம்பு வேண்டுமே.

"உள்ள நாற்காலி இருக்கா?" என்றார் கடைசியில்.

"இருக்கு."

"கால் கடுக்குது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

முடிதிருத்துபவர் அசையவில்லை. "குடிக்கிறவங்க மட்டுந்தாங்க."

"அதான்யா சொல்றேன்." "நான் குடிக்கிறவன்தான். வழிய விடு."

கதவு சாத்திக்கொண்டது. பஸ்காரி அவளோடு வெளியே நின்றாள்.

"உள்ள என்னக்கா பண்ணுவாங்க?"

"பேசுவோம். முக்கால்வாசி கொட்டாவிதான்."

"திங்கக்கிழமைக்குள்ள சரியாயிருமா?"

"ஆகாது." பஸ்காரி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். "ஆனா திங்கக்கிழமை லிஃப்டு மேல ஏற மாட்டேன்னு சொல்ல வைக்கலாம். நானே காலையில அவரு கூடப் போயி மேஸ்திரிகிட்டப் பேசுறேன். அதுக்கு மேல இப்பக் கேக்காத."

சரி என்று தலையாட்டினாள். சுவரில் சாய்ந்ததும் கண் தானாகச் செருகியது.