ஆறு முறை திரும்பிப் போன கடிதம்

அக்காவின் மடிக்கணினி மேசையிலிருந்து விழுந்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. அக்கா செடிகொடிகளை வரைபவள். தாவரவியல் புத்தகங்களில் இலை, பூ, வேர் என்று பிரித்துக் காட்டும் படங்கள் இருக்குமே, அந்த வேலை. ஒரு பெரணி இலையின் அடிப்பக்கத்துப் புள்ளிகளை எண்ணிப் பார்த்துத்தான் வரைவாள். விழுந்த கணினியோடு இரண்டு மாதப் பெரணிகளும் போயின. அவள் அழவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அக்கா, அத்தான் வீட்டின் மாடி அறையில் இருக்கிறேன். ஒரு லிஃப்டைத் தாங்க ஒரு கம்பிக்கயிறு போதும். ஆனாலும் நாலைந்து கயிறு போட்டுத்தான் தொங்கவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மூளை என்னுடையது. ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட கணினியைத் தூக்கிவந்து, ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, வாசலருகே செருப்பு அலமாரியின் மேல் உட்காரவைத்தேன். இனி வீட்டில் யார் எதைச் சேமித்தாலும் ஒரு பிரதி அதற்குள் போகும். போட்டதையெல்லாம் விழுங்கியதால் அக்கா அதற்குக் குண்டோதரன் என்று பெயர் வைத்தாள்.

"ரெண்டு டிஸ்க்லயும் ஒண்ணேதான் இருக்குன்னா எதுக்குடா ரெண்டு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு செத்தா இன்னொண்ணு."

"நானே தப்பா ஒரு படத்த அழிச்சுட்டா?"

நல்ல கேள்வி. ஒன்றையொன்று பார்த்து எழுதும் இரண்டு மாணவர்கள் தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அதனால் தினமும் ஒரு முறை, அன்றைக்கு இருந்த நிலையை அப்படியே தேதி போட்டுத் தனியாக எடுத்துவைக்கும்படி குண்டோதரனுக்குச் சொல்லியிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை படம் எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பான். அக்கா சோதித்துப் பார்க்க ஒரு பாசியை அழித்தாள், வரவழைத்தாள், மறுபடி அழித்தாள். அரை மணி நேரம் அதே விளையாட்டு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! பெட்டி எப்படியும் ஓடுகிறது, வீட்டுக்கென்று சொந்தமாக மின்னஞ்சலும் வைத்தால் என்ன என்று தோன்றியது. ஆளுக்கு ஒரு முகவரி, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. பேருந்து ஓட்டும், ஓய்வு நாளில் ஒரு வாலிபால் குழுவில் ஆடும் அத்தானுக்குக் கடவுச்சொல் நினைவிலேயே நிற்காது. "மாப்ளே, இதுலயாவது என்னை உள்ள விடுவானா?" என்று கேட்டுக்கொண்டே சேர்ந்துகொண்டார்.

முதல் வாரத்தில் குப்பைக் கடிதங்கள் ஆற்று வெள்ளம்போல் வந்தன. அதைத் தடுக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. அறிமுகமில்லாத ஓர் இயந்திரம் கடிதத்தோடு வந்து கதவைத் தட்டினால், "இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சொல்லிவிட வேண்டும். குப்பை அனுப்புகிறவனுக்குக் கோடிப் பேரைத் தட்ட வேண்டியிருக்கும். அவன் திரும்ப வரமாட்டான். ஒழுங்கான தபால் இயந்திரமோ கடிதத்தைத் தன்னிடமே வைத்திருந்து, சற்றுப் பொறுத்து மறுபடி வரும். அப்படி வந்தால் உள்ளே விட்டு, அடுத்த முறை கேள்வி கேட்காமல் விடலாம். இந்தக் காவலாளிக்கு வாட்ச்மேன் என்றே பெயர் வைத்தோம். ஒரு நாளைக்கு அறுபது வந்த குப்பை இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் என்னை உறுத்தின. வாட்ச்மேனின் விதியை இன்னும் இறுக்கினேன்.

அதிலிருந்து நான்காவது நாள் எனக்கு வார விடுமுறை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அக்கா மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள். கையில் ஃபோன்.

தாவரவியல் பூங்கா ஒன்று பெரணிகளுக்கென்றே ஒரு பெரிய நூல் தயாரிக்கிறது. அதற்கு வரைய ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அக்கா விண்ணப்பித்திருந்தாள். இப்போது அவளோடு படித்த தோழி கூப்பிட்டிருக்கிறாள்.

"அவளுக்குக் காலையிலயே மெயில் வந்துடுச்சாம். பட்டியல்ல என் பேரும் இருக்காம்டா! அந்த மெயில்ல ஒரு லிங்க் இருக்காம், நாலு மணிக்குள்ள அத அழுத்தி உறுதி பண்ணணுமாம். இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். எனக்கு ஒண்ணுமே வரலியே."

"இன்னும் அனுப்பியிருக்க மாட்டாங்க."

"உன் குண்டோதரன் முழுங்கிட்டானா?"

"சேச்சே. இப்பப் பாரு."

என் வேலையிடத்து முகவரியிலிருந்து அவளுக்கு 'சோதனை' என்று ஒரு வரி அனுப்பினேன். இரண்டு விநாடியில் அவள் ஃபோன் மணியடித்தது.

"பாத்தியா? கதவு தொறந்துதான் இருக்கு. தப்பு அவங்க பக்கம்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஏதோ இடித்தது. லிஃப்ட் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், நான் ஏறிப் பார்க்கும்போது அது நன்றாக ஓடினாலும், அவர் சொன்னது பொய்யாகிவிடாது. என் முகவரி வாட்ச்மேனுக்கு ஏற்கெனவே பழக்கம். பழகிய முகத்தை வைத்து வாட்ச்மேனைச் சோதிப்பது என்ன சோதனை?

கீழே ஓடினோம். வந்தவர், போனவர், வந்த நேரம் எல்லாவற்றையும் குண்டோதரன் வரிவரியாகக் குறித்துவைப்பான். அதில் பூங்காவின் பெயரைத் தேடச் சொன்னேன். திரையில் ஆறு வரி வந்தது.

காலை 7:10, பிறகு வா. 7:20, பிறகு வா. 7:40, பிறகு வா. 8:20, 9:40, 12:20. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, தப்பு என்னோடதுதான். வாட்ச்மேன் ஆறு தடவை திருப்பி அனுப்பியிருக்கான்."

"ரெண்டாவது தடவை வந்தா விட்டுடுவான்னு சொன்னியே?"

அதுதான் எனக்கும் புரியவில்லை. வரிகளை இன்னொரு முறை பார்த்தேன். கடிதம் ஒன்றுதான். கொண்டுவந்த இயந்திரம் ஆறு முறையும் வேறு. பூங்கா தன் கடிதங்களை ஒரு பெரிய நிறுவனம் வழியாக அனுப்புகிறது. அங்கே நூற்றுக்கணக்கான இயந்திரங்கள்; யார் கை காலியாக இருக்கிறதோ அவர் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். இயந்திரங்களுக்கும் தெரு, வீட்டு எண் போல முகவரி உண்டு. முன்பு என் விதி, ஒரே தெருவிலிருந்து வந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். நான்கு நாளுக்கு முன் நான்தான் அதை மாற்றி, வீட்டு எண்ணும் சரியாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஆறு பேரும் ஒரே தெரு. ஆறு வேறு வீடு.

"ஒவ்வொரு தடவையும் புது முகம்னு நெனச்சிருக்கான்," என்றேன்.

"சரி, அவன வேலைய விட்டுத் தூக்கு. இப்ப மெயில எடு."

"எடுக்க முடியாதுக்கா. மெயில நாம போய் எடுத்துட்டு வர முடியாது. அவங்க கொண்டுவந்து குடுத்தாத்தான் உண்டு. கதவத் தொறந்து வச்சுட்டு நிக்கலாம், அவ்வளவுதான்."

"எப்ப வருவாங்க?"

நான் அந்த ஆறு நேரங்களையும் பார்த்தேன். பத்து நிமிடம், இருபது, நாற்பது, எண்பது, நூற்றறுபது. ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். கதவு திறக்காத வீட்டைத் தொல்லை செய்யாமல் இருக்க அது நல்ல வழக்கம். வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். அடுத்து முந்நூற்றிருபது நிமிடம்.

"அஞ்சு நாப்பதுக்கு."

அப்போது மணி மூன்று இருபத்தெட்டு.

பணி முடிந்து வந்த அத்தான் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "நான் ஆறு நிமிஷம் லேட்டா போனாலே ஜனங்க கிழிச்சுத் தொங்கப்போடுவாங்க," என்றார். "இவன் ஆறு தடவ பஸ்ஸையே திருப்பி அனுப்பியிருக்கான். பூங்காவுக்கு ஃபோன் போடு, புதுசா ஒண்ணு அனுப்பச் சொல்லு."

அதுதான் வழி. பழைய கடிதம் எங்கோ வரிசையில் காத்திருந்தாலும், புதிதாக அனுப்பினால் அது உடனே கிளம்பும். நான் விதிக் கோப்பைத் திறந்து வாட்ச்மேனை நீக்கிச் சேமித்தேன். அக்கா ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டாள். ஏழெட்டு நிமிடம் இசை ஓடியது. கடைசியில் ஓர் அலுவலர் எடுத்தார்.

"காலையிலயே அனுப்பியாச்சுன்னு காட்டுதே மேடம்."

"அனுப்பினீங்க சார். நீங்க ஆறு தடவை வந்து தட்டியிருக்கீங்க. என் தம்பி வீட்டுல ஒரு வாட்ச்மேன் வச்சிருக்கான். அவன் உங்கள ஆறு தடவையும் அப்புறம் வாங்கன்னு வாசல்லயே திருப்பிட்டான். தப்பு முழுக்க எங்களோடது."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. "இந்த மாதிரி ஒரு காரணத்த நான் கேட்டதே இல்ல மேடம். மறுபடி அனுப்ப ஒரு பட்டன் இருக்கு. ஆனா ஒரு தடவதான் அழுத்த விடும். வாட்ச்மேன் போயிட்டானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

"போயிட்டான் சார்."

"அழுத்திட்டேன். நாலு மணிக்குப் பட்டியல் மூடிடும், பாத்துக்கங்க." ஃபோன் வைக்கப்பட்டது.

திரையில் புதிய வரி ஒன்று ஏறியது. 3:44. ஏழாவது வீட்டு எண். பிறகு வா.

"டேய்!" என்றாள் அக்கா.

விதிக் கோப்பை மறுபடி திறந்தேன்; வாட்ச்மேன் அதில் இல்லை. லிஃப்ட் பலகையில் ஐந்து என்ற எண்ணை உரித்து ஆறு என்று ஒட்டினால், லிஃப்ட் ஆறாவது மாடிக்குப் போய்விடுமா? உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சொல்ல வேண்டாமா? நான் கோப்பில் மட்டும் எழுதியிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த நிரல் முன்பே படித்த பழைய விதியையே மனத்தில் வைத்திருந்தது. புதிதாகப் படி என்று அதற்கு ஒரு கட்டளை கொடுத்தேன். இந்த முறை வாட்ச்மேன் உண்மையிலேயே போனான்.

அத்தான் திரும்பவும் பூங்காவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இசை ஓடியது.

"வேணாம் அத்தான். அவர் எடுத்தாலும் அந்தப் பட்டன் மறுபடி வேலை செய்யாது. இது புதுக் கடிதம். கணக்கு முதல்லேருந்து தொடங்கும். பத்து நிமிஷத்துல மறுபடி வரும்."

"நிச்சயமா?"

"காலையில பத்து நிமிஷத்துல வந்துச்சு."

"ஒரு தடவ வந்ததுனால எப்பவும் அப்படியேவா?" அக்கா கேட்டாள். ஒரே இலையைப் பார்த்து ஓர் இனத்தை வரைந்துவிடக் கூடாது என்று சொல்கிறவள் அவள். மூன்று ஐம்பத்துநாலு என்று ஒரு காகிதத்தில் எழுதி அவள் முன்னால் வைத்தேன்.

மூவரும் செருப்பு அலமாரியின் முன் நின்றோம். 3:50. 3:52. அத்தானின் ஃபோனில் இன்னும் இசைதான். 3:53-க்கு ஒரு வரி ஏறியது. ஏதோ தள்ளுபடி விற்பனை, தங்குதடையில்லாமல் உள்ளே வந்தது. அக்கா பல்லைக் கடித்தாள். 3:54. ஒன்றுமில்லை. நான் காகிதத்தை மெல்ல என் பக்கம் இழுத்தேன். இருபது விநாடி. முப்பது.

எட்டாவது வீட்டு எண். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஃபோன் மணியடிப்பதற்குள் அக்கா அதைத் திறந்திருந்தாள். லிங்கை அழுத்தினாள். பச்சை வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அவள் பெயரும், அதன் கீழ் 'உறுதி செய்யப்பட்டது' என்பதும், 3:56 என்ற நேரமும் வந்தன. அவள் மூன்று முறை படித்தாள். நான்காவது முறை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தள்ளு. இந்த நாலு நாள்ல இவன் வேற யாரயெல்லாம் திருப்பி அனுப்பினான்னு பாக்கலாம்."

வரிகளை மேலே ஓட்டினோம். முக்கால்வாசி குப்பைதான், ஒருமுறை வந்து திரும்பிப் பார்க்காமல் போனவர்கள். நூலகம் ஐந்து தடவை வந்திருந்தது. பல் மருத்துவர் மூன்று தடவை. அக்கா ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைக் கணக்கிட்டாள். "இவங்க இரட்டிப்பாக்கல பாரு, அரை மணிக்கு ஒரு தடவ விடாம வந்திருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொறுமை!" என்றாள். பெரணியைப் பார்க்கும் அதே கண்.

"இது யாரு? பதினோரு தடவ வந்திருக்காங்க. வாலிபால் குழுன்னு இருக்கு."

அத்தான் ஃபோனை அணைத்துவிட்டு மெதுவாக அருகில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார்.

"மாப்ளே," என்றார். "என்னை டீம்லேருந்து தூக்கிட்டாங்கன்னு நெனச்சு, மூணு நாளா நான் அந்தக் கேப்டன் மூஞ்சியிலயே முழிக்கலடா."