தொலைக்காட்சி வெட்டிய ஓரம்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் கூடத்தில், மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும் ஒரு கம்பியால் இணைத்த சனிக்கிழமை காலையில் தொடங்கியது. உண்மையை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி கதையைச் சொல்லலாம்.

கதாநாயகர் பெயர் ஜீவரத்தினம். கிழக்குத் தாம்பரத்தில் குடியிருக்கிறார். ரயில்வேயில் பொறுப்பான பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவர் நான் அல்ல. அவருக்கு என் வயதும் என் கூடமும் என் முதுகுவலியும் உண்டு, அவ்வளவுதான். இதை எழுதும்போது என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அந்த முதுகுவலிய அவருகிட்டயே விட்டுட்டு வந்துடுங்க, எனக்கு தைலம் மிச்சம்" என்றாள். [இந்த வரியை நகலெடுக்கும்போது நீக்கிவிட வேண்டும்.]

தொடக்கத்தில்தான் முதல் சிக்கல்.

"ஜீவரத்தினத்தின் குடும்பம் தாம்பரத்தில் மதிப்புக்குரிய..." அடித்துவிட்டேன். மதிப்புக்குரிய குடும்பம் அதைத் தானே சொல்லிக்கொள்ளாது.

"திரையில் ஆபேலின் கை மட்டும் தெரிந்தது." இதையும் வைக்க முடியாது. வாசகர் அடுத்த பக்கத்தில் பிணத்தை எதிர்பார்ப்பார். தம்பி ஆபேல் உயிரோடுதான் இருக்கிறான், இரண்டு தெரு தள்ளி, என்னைவிட நல்ல உடல்நிலையில். [என்னைவிட அல்ல. ஜீவரத்தினத்தைவிட.]

"மாலை நான்கு மணிக்கு மேடவாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது." இது நேராக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பெண் ஜென்சி, ஜீவரத்தினத்தின் ஒரே மகள். கேளம்பாக்கம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. மாப்பிள்ளை எபியும் அதே சாலையில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறான். அவனுக்குத் தகப்பன் இல்லை. எல்லாவற்றையும் பேசுகிறவர் தாய் ரோஸி அம்மாள்.

ஜீவரத்தினத்தின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் காபி கொடுத்த பின், குடும்பப் படம் ஒன்றைக் காட்டி, இன்னார் இன்னார் என்று ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார்கள். அவருடைய பெற்றோரின் பொன்விழாத் திருமண நாளில் ஆலயப் படிக்கட்டில் எடுத்த அகலமான படம் அது. முன்பெல்லாம் சட்டத்தோடு கைக்குக் கை போகும். இந்த முறை ஜென்சி, "கணினில ஏத்தி டிவில போட்டுடலாம்பா, எல்லாரும் உக்காந்த இடத்துலயே பாப்பாங்க" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது.

படத்தின் நடுவில் பெற்றோர். இருபுறமும் மருமக்கள், பேரன் பேத்திகள், உறவினர். வலப்பக்கக் கடைசியில் மூத்த மகன் ஜீவரத்தினம், வேலிக்கல் போல. இடப்பக்கக் கடைசியில் இளைய மகன் ஆபேல். ஆபேலுக்கு முன்னால் சின்னப் பெண்ணாக ஜென்சி. ஆபேலின் கை அவள் தோள்மேல்.

ஆபேலைப் பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும். அதைச் சுருக்கமாக எழுதுவேன். படம் எடுத்துச் சில வருடங்கள் கழித்து, சபைக் கமிட்டித் தேர்தலில் ஆபேல் தன் அண்ணனை எதிர்த்து நின்றான். ஜெயித்தான்.

(வெளியார் இதைப் படித்துச் சிரிக்கலாம். இதற்கா என்று கேட்கலாம். ஒரே தாய் கையால் சோறு உண்ட இருவர் தனித்தனியாக நோட்டீஸ் அச்சடித்து, ஆராதனை முடிந்து வருகிற மக்களிடம் ஆலய வாசலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கொடுப்பதை அவர்கள் பார்த்ததில்லை. தம்பியின் நோட்டீஸை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு வெறும் வணக்கம் போட்டுப் போனவர்கள் இன்னும் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஒரே ஆலயம், ஒரே ஆராதனை, ஆளுக்கொரு வாசல்.

போன மாதம் ரோஸி அம்மாள் தொலைபேசியில் விசாரித்தார். "உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேருங்க ஐயா?"

"ஒரு தங்கை. நாகர்கோவிலில் இருக்கிறாள்."

"அவங்க மட்டும்தானா?"

"ஆமாம்மா" என்றார் ஜீவரத்தினம்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்தவர் என்று அவரை மனதில் உருவாக்கி வைத்திருந்தேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார்? கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

3

சனிக்கிழமை காலை கம்பியைச் செருகியதும் படம் வந்தது. ஆனால் கணினித் திரையின் அடியில் இருக்கும் பட்டையைக் காணவில்லை. ஓரத்துச் சின்னங்கள் பாதி பாதியாக நின்றன. எழுத்துகள் கண்புரை வந்தவன் பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தன. குடும்பப் படத்தைத் திறந்தார். வலப்பக்கத்தில் அவருடைய ஒரு தோளும் ஒரு காதும்தான் இருந்தன. இடப்பக்கத்தில் ஆபேலே இல்லை. ஜென்சியின் தோளில் மணிக்கட்டோடு ஒரு கை மட்டும் இருந்தது.

வீட்டுத் தலைவன் பாதியாகத் தெரிவதா? ஜீவரத்தினம் தானே சரி செய்ய முனைந்தார். கணினியில் திரை அளவு என்ற இடத்தில் எண்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தேர்ந்தார், எல்லோரும் அகலமாகிப் போனார்கள், ஒடிசலான தாயார்கூட. இன்னொன்றைத் தேர்ந்தார், திரை கறுத்து, தொலைக்காட்சி தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அறிவித்தது. எனக்கும்தான். [வாசகர் இங்கே 'எனக்கும்' என்பதை 'அவருக்கும்' என்று படித்துக்கொள்ளவும்.]

அப்போது ஜென்சி தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா பண்ணீங்க? ஆயா பூசணிக்கா மாதிரி இருக்காங்க!"

"மூத்தவங்களைப் பற்றி மரியாதையாப் பேசு. ஓரம் வரமாட்டேங்குது."

"அது கம்ப்யூட்டர் தப்பு இல்லப்பா, டிவி பண்றது. ஓவர்ஸ்கேன்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்து ட்யூப் டிவில படத்தோட ஓரம் நேரா வராது, நடுங்கும், கோடு கோடா இருக்கும். அதனால படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தை சட்டத்துக்குப் பின்னாடி தள்ளிடுவாங்க. இப்ப ஓரம் நல்லாத்தான் வருது. டிவிக்கு மட்டும் பழைய பழக்கம் போகல."

கணினியின் எண்களை முன்பிருந்தபடி வைத்தாள். பிறகு ரிமோட்டில் படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய், உள்ளதை உள்ளபடி காட்டும் தேர்வை அழுத்தினாள். குடும்பம் முழுதாக வந்து நின்றது. எழுத்தின் மங்கலும் போய்விட்டது. வலப்பக்கம் நிமிர்ந்த முதுகோடு ஜீவரத்தினம். இடப்பக்கம் ஆபேல், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"பழையபடி வை" என்றார் ஜீவரத்தினம்.

"ஏம்ப்பா?"

"வை."

வைத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"இடது பக்கம் மட்டும் வெட்டுற மாதிரி வைக்க முடியாதா?" என்று கேட்டார் அவர்.

"முடியாதுப்பா. வெட்டுனா ரெண்டு பக்கமும்தான் வெட்டும். உங்களுக்கு சித்தப்பா வேணாம்னா போட்டோவையே வெட்டிடலாம், அரை நிமிஷ வேலை. வெட்டட்டுமா?"

ஜீவரத்தினத்துக்குக் கோபம் வந்தது. "படத்தை வெட்டுறது பொய். அதை நான் செய்ய மாட்டேன். டிவி வெட்டினா அது டிவியோட குணம். அதுக்கு நான் பொறுப்பில்ல."

(இந்த வாதத்தைக் காலையில் எழுதியபோது வலுவாக இருந்தது. மத்தியானம் படித்தபோதும் வலுவாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒரு பக்கம் ஆடுகிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.)

ஜென்சி ரிமோட்டை அவர் மடியில் வைத்தாள். "எப்படி வேணுமோ நீங்களே வெச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு. எனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தது அவரு. மோதிரம் மாத்துற அன்னைக்கு அவரு மேடைல நிக்கலைன்னா நானும் நிக்க மாட்டேன். இதைக் கோவத்துல சொல்லலப்பா."

கோபத்தில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

4

ஜீவரத்தினத்துக்கு ஒரு மனைவி வேண்டும். ரத்தினபாய் என்று பெயர் வைத்தேன். அடக்கமான, அதிகம் பேசாத பெண்மணியாக எழுத நினைத்தேன். அவள் முதல் வரியிலேயே கீழ்ப்படியவில்லை.

"ஏங்க, இன்னைக்கு டிவி மறைக்கும். அப்புறம் கோவில்ல ஓலை வாசிப்பாங்கல்ல, மூணு ஞாயித்துக்கிழமை? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு. அது முடிஞ்ச கையோட சபை அறிவிப்பு வாசிக்க மைக்குகிட்ட வந்து நிக்கறது யாரு? உங்க தம்பிதானே. அந்த அம்மா முன் பெஞ்சுல இருப்பாங்க. உங்க மூக்கு, உங்க நெத்தி, உங்க குரல். அப்ப எந்த டிவி வந்து வெட்டும்?"

"அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

"அவருதான் ஜெயிச்சாரு. நீங்க ஏன் அவரை ஒளிச்சு வெக்கறீங்க? தோத்தவங்கதானே ஒளிஞ்சுக்குவாங்க?"

இந்தக் கடைசி வரியை என் மனைவிதான் எழுதச் சொன்னாள். நான் மறுத்தேன். பிறகு எப்படியோ காகிதத்தில் இருக்கிறது.

5

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் அவர்கள் தாமதமாக வந்தார்கள். ரோஸி அம்மாள் பருத்திப் புடவையில் எளிமையாக இருந்தார். எபி உயரமான பையன். வாசலில் செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தான். இதை ஜீவரத்தினம் கவனித்து, அவனுக்குச் சாதகமாக மனதில் குறித்துக்கொண்டார். ஜெபம் முடிந்தது. காபி வந்தது. படம் திரையில் வந்தது, ஓரம் வெட்டுப்பட்டபடியே.

ஜீவரத்தினம் எழுந்து நின்று நடுவிலிருந்து தொடங்கினார். தகப்பனார், தாயார், நாகர்கோவில் தங்கை, அவள் கணவர். ரோஸி அம்மாள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று முன்னால் சாய்ந்தார்.

"ஐயோ, இது ஜென்சிதானே, என்ன அழகு! பாப்பா தோள்ல கை வெச்சிருக்காங்களே, அது யாருங்க ஐயா?"

பதில்களை எழுதிப் பார்த்தேன்.

"போட்டோக்காரர்." போட்டோ எடுக்கிறவர் போட்டோவுக்குள் நிற்க மாட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரர்." எங்கள் குடும்பப் படத்தில் அந்நியன் நின்றான் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"என் தம்பி." இதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். அடிக்கவும் முடியவில்லை. அவர் வாயில் வைக்கவும் முடியவில்லை.

அதற்குள் எபி எழுந்துவிட்டான். "அங்கிள், இது ஓவர்ஸ்கேன்தான். நீங்ககூட பாதிதான் தெரியறீங்க. ரெண்டு நிமிஷம், சரி பண்ணிடறேன். ரிமோட் எங்க ஆண்ட்டி?"

ரத்தினபாய் கணவனைப் பார்த்தாள். ஜென்சியும் திரையைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள்.

6

முடிவுகள்.

மின்சாரம் போய்விடலாம். தாம்பரத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் மானத்தை மின்வெட்டின் தயவில் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை.

ஆபேலே வாசலில் வந்து நிற்கலாம். வர மாட்டான். அழைக்காத வீட்டுக்கு அவன் போகிறவன் அல்ல. அவனும் எங்கள் தகப்பனாருடைய பிள்ளை.

மூன்றாவது முடிவை எழுதத் தொடங்கியபோது என் மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்: "பொண்ணும் பையனும் ரெண்டு மாசமா தினமும் பேசிக்குதுங்க. சித்தப்பாவப் பத்திப் பேசாம பின்ன மழை வருமான்னா பேசியிருக்கும்? அந்தப் பையனுக்கு எல்லாம் தெரியுங்க."

இங்கேதான் நான் முற்றிலும் குழம்பிப்போனேன். எபிக்குத் தெரியும் என்றால், அவன் ரிமோட்டைத் தேடியது ஜீவரத்தினத்தை மாட்டிவைக்கவா, காப்பாற்றவா? அவன் தாய்க்கும் தெரியும் என்றால், அந்தக் கையைப் பற்றிக் கேட்டது கேள்வியா, கதவைத் திறந்து வைத்ததா? தெரியாது என்றால்? எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்கிறவர் எதைத்தான் மறைக்கிறார்? இவ்வளவு பக்கம் எழுதிய பிறகு, என் பாத்திரங்களில் யாருக்கு என்ன தெரியும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதை எழுதுகிறேன். ஜீவரத்தினம் தன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ரிமோட்டை எடுத்தார்.

"உட்காருங்க தம்பி. இது எங்க வீட்டு டிவி. நான் பாத்துக்கறேன்."

எபி உட்கார்ந்தான். ஜீவரத்தினம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, படத்தின் அளவு என்ற இடத்துக்குப் போனார். அங்கே இரண்டு தேர்வுகள்: ஓரத்தை வெட்டுவது ஒன்று, உள்ளதை உள்ளபடி காட்டுவது ஒன்று. கட்டை விரல் நடுவில் நிற்கிறது. ரோஸி அம்மாள் காத்திருக்கிறார்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் அந்தச் சோபாவில் ரோஸி அம்மாள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ரத்தினபாய் உங்களுக்கும் காபி தருவாள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மறைக்காமல். படம் முழுதாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கக் கடைசியில், இல்லை என்று சொல்லப்பட்ட ஆபேல் சிரித்துக்கொண்டு நிற்பான். வலப்பக்கக் கடைசியில், இல்லை என்று சொன்ன நான் நிமிர்ந்து நிற்பேன்.

முதலில் எந்தப் பக்கம் பார்ப்பீர்கள்? அது தெரியாமல் எப்படி அழுத்துவது?